கடற்கரைச் சாலையின் ராட்டினங்கள்

பெருநாள் தொழுகை முடிந்து, உறவினர் வீடுகளுக்கெல்லாம் சென்று வந்து, பெருநாள் காசும் சட்டைப் பையில் சேர்ந்துவிட்ட பின் சென்னைப் பிள்ளைகள் கேட்பது ஒன்றைத்தான்: "அத்தா, எங்கே அழைத்துப் போகப் போகிறீர்கள்?" இராயப்பேட்டையிலும் ஐஸ்ஹவுஸிலும் வாழ்வோருக்கு மெரினா நடைதூரம். மயிலாப்பூர்வாசிகளுக்குச் சாந்தோம் கடற்கரை; அடையாற்றிலும் தியாகராய நகரிலும் உள்ளவர்களுக்குப் பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரை. ஒரு வேன் அமர்த்திக்கொள்ள வசதியிருந்தால், அடையாற்றுப் பாலத்தையும் திருவான்மியூரையும் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலை. வாசக அன்பர்களே, அந்த வழியாக ஒருமுறை சென்று வருவோம், வாருங்கள். இம்முறை ராட்டினத்தின் மேலே கூச்சலிடும் பிள்ளைகளை மட்டும் பார்க்காமல், கீழே அதன் அச்சையும் ஆணியையும் சற்று உற்று நோக்குவோம்.

முதலில் மெரினா. மணலில் நடந்து அலைகளை நெருங்கும் முன்பே குடை ராட்டினங்களும் சிறு தொட்டில் ராட்டினங்களும் எதிர்ப்படும். ஒருவர் கையால் தள்ள, குதிரைகள் சுற்றுகின்றன. தொட்டில் உயரே போனதும் பிள்ளை வீரிட்டு அழுதால், "இறக்கி விடுங்கள்" என்று தாய் குரல் கொடுத்தால், அவர் தம் கையாலேயே நிறுத்திவிடுவார். ஓட்டுபவரும் அவரே, கிரீச்சென்று ஓசை எழுந்தால் எண்ணெய் விடுபவரும் அவரே. பொறுப்பாளர் யாரென்று நாம் தேட வேண்டியதில்லை. வியர்வை வழியக் கண்ணெதிரே நிற்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ராட்டினம் பெரிதாகப் பெரிதாக, இந்த மனிதர் நம் கண்ணிலிருந்து மறைந்துகொண்டே போவார்.

தீவுத்திடலில் ஆண்டுதோறும் நடைபெறும் சுற்றுலாப் பொருட்காட்சிக்குச் செல்லாத சென்னைக் குடும்பம் உண்டா? டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் ஒருபுறமிருக்க, ராட்சத ராட்டினமும் கொலம்பஸ் கப்பலும் டோரா டோராவும் விளக்கொளியில் நம்மை அழைக்கும். நாகூர் கந்தூரி நாட்களிலும் இவற்றையே காண்கிறோம். இவை ஊர் ஊராகப் பயணம் செய்யும் இயந்திரங்கள். ஓரிடத்தில் பிரித்து லாரியில் ஏற்றி, வேறோரிடத்தில் மீண்டும் பூட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான போல்ட்டுகள் கழற்றப்படுகின்றன, மாட்டப்படுகின்றன. ஒன்று தளர்ந்திருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் ஒரு மனிதர்தாம். தரையில் மண் இளகியிருந்தால் முழு அமைப்புமே சாயக்கூடும். ஆகவே இத்தகைய இடங்களில் நான் மேலே பார்ப்பதில்லை. கால்கள் ஊன்றியிருக்கும் மரக்கட்டைகளையே பார்ப்பேன்.

இனி தெற்கே செல்வோம். ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி. 'கோல்டன் பீச்' என்று அழைக்கப்பட்ட காலத்தில் அங்கே இயந்திரங்களைவிடப் புகழ்பெற்றவர் ஒரு மனிதர்: கண்ணிமைக்காமல் நின்ற சிலை மனிதர். அவரைச் சிரிக்க வைத்தால் பரிசு என்று பள்ளிப் பிள்ளைகள் எத்தனை கோமாளித்தனம் செய்திருப்பார்கள்! பின்னர் 'யுனிவர்சல் கிங்டம்' என்று பெயர் மாறியது, ராட்டினங்கள் பெருகின, அண்மையாண்டுகளில் கடல்வாழ் உயிரினக் காட்சியகமும் வந்தது. சாலையில் மேலும் சென்றால் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். கோவளம் தர்காவுக்குப் போய்த் திரும்பும் குடும்பங்கள் வழியில் பிள்ளைகளின் தொல்லை தாளாமல் வண்டியை நிறுத்தும் இடம் அது. தாம்பரம் பக்கம் 1995-ல் கிஷ்கிந்தா. இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் உருவாக்கியது. இன்று நாற்பதைக் கடந்த சென்னைவாசிகளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். 'கிஷ்கிந்தாவா, கோல்டன் பீச்சா' என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

கடலோரத்தில் இரும்பு இயந்திரம் நிறுத்துவது எளிய செயலன்று. மயிலாப்பூரிலும் பெசன்ட் நகரிலும் கடலை நோக்கிய வீடு உடையவர்களுக்கு இது தெரியும். சன்னல் கம்பி எத்தனை ஆண்டு தாங்குகிறது? அதே உப்புக் காற்றுதான் ராட்டினத்தின் போல்ட்டையும் பற்றவைப்பையும் தின்கிறது. பளபளக்கும் புதுச் சாயத்தைக் கண்டு நாம் மகிழ்கிறோம். அனுபவமிக்க பராமரிப்பாளரோ சாயத்தின் அடியில் உள்ளதைப் பார்க்கிறார். மேலே படர்ந்த லேசான துருவைவிட, சாயத்துக்குள் ஒளிந்த மயிரிழை விரிசல் ஆபத்தானது. அதைக் காணக் கண் போதாது. காந்தப் பொடி தூவியும், ஒலியலை செலுத்தியும் சோதிக்கிறார்கள். மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பது போலத்தான் இதுவும்.

ரோலர் கோஸ்டர் என்பது என்ன? பெரும்பாலானவற்றின் வண்டியில் எஞ்சின் கிடையாது. சங்கிலி ஒன்று முதல் மேட்டின் உச்சிவரை இழுத்துச் செல்லும். அப்பால் எல்லாம் பூமியின் ஈர்ப்புதான். ஏறும்போது 'டக், டக், டக்' என்று ஓர் ஓசை கேட்குமே, பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும் அந்த ஓசைதான் பெற்றோருக்கு ஆறுதல் தர வேண்டியது. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதபடி, பல் போன்ற தடுப்பில் கொக்கி ஒவ்வொன்றாக விழும் ஓசை அது. வண்டிக்குச் சக்கரங்கள் மூன்று வகை. தண்டவாளத்தின் மேல் உருள்வன, பக்கவாட்டில் பிடிப்பன, அடிப்புறத்தைக் கவ்வுவன. அடிச் சக்கரத்துக்கு 1919-ல் அமெரிக்கர் ஜான் மில்லர் காப்புரிமை பெற்றார். வண்டி தண்டவாளத்தை விட்டு மேலெழாமல் காப்பது அதுவே.

இந்தப் பாதுகாப்பு பழுதானால் என்ன நேரும் என்பதை லண்டன் மாநகரம் 1972 மே மாதம் கண்டது. பேட்டர்சி பூங்காவில் மேலேறிய வண்டி இழுவைக் கயிற்றிலிருந்து விடுபட்டது. பின்னுருளாமல் தடுக்க வேண்டிய அமைப்பும் வேலை செய்யவில்லை. ஐந்து குழந்தைகள் மாண்டனர். இங்கிலாந்திலேயே 2015-ல் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் நடந்தது இன்னும் சிந்திக்க வைப்பது. பாதையில் ஆளில்லாத வண்டி ஒன்று நின்றுவிட்டது. கணினி அதை உணர்ந்து, மக்கள் அமர்ந்திருந்த வண்டியை நிறுத்திவைத்தது. கணினிதான் தவறு செய்கிறது என்று எண்ணிய பணியாளர்கள் அதை மீறி வண்டியை அனுப்பினர். பதினாறு பேர் காயமுற்றனர். இரு இளம்பெண்கள் ஒரு காலை இழந்தனர். இயந்திரம் சரியாகத்தான் இருந்தது!

நம் ஊரிலும் துயரங்கள் உண்டு. 2012-ல் பூந்தமல்லிப் பக்கத்துப் பூங்கா ஒன்றில் 'ஆக்டோபஸ்' ராட்டினத்திலிருந்து விழுந்து விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். 2019-ல் அப்பகுதியின் மற்றொரு பூங்காவில் செங்குத்தாக இறங்கும் கோபுரத்தின் கம்பிவடம் அறுந்தது. 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் ராட்டினம் ஒன்று சரிந்தபோது அதில் இருந்தவர்கள் பார்வையாளர்கள் அல்லர்; சோதனை ஓட்டத்துக்காக ஏறிய பணியாளர்கள். ஒருவர் உயிரிழந்தார். நம் பிள்ளைகள் ஏறும் முன் தாம் ஏறிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதே நம்மில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

2025 மே 27 அன்று விஜிபியில் முப்பதுக்கும் மேற்பட்டோர், குழந்தைகள் உட்பட, ராட்டினம் பாதியில் நின்று உயரே சிக்கிக்கொண்டனர். மணிக்கணக்கில் தவித்த அவர்களைத் தீயணைப்புத் துறையினர் வந்து இறக்கினர். உயிர்ச்சேதம் இல்லை. இதில் ஒன்றைப் பிரித்துணர வேண்டும். பழுதுற்ற இயந்திரம் நின்றுவிடுவது, நில்லாமல் ஓடுவதைவிட நல்லது. ஆனால் நின்றபின் மக்களை இறக்கும் வழி உடனே கைவசம் இருக்க வேண்டாமா? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தரத்தில் அமர்ந்திருந்த தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இந்நிலையில், 'பழைய ராட்டினத்தை ஏன் எடுத்துவிட்டார்கள்?' என்று வருந்துவோருக்கு ஒரு சொல். எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் வெளிநாட்டில் வாங்கிய இயந்திரத்தைச் செய்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டால் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்? பட்டறையில் ஏறக்குறைய அதே அளவில் ஒன்றைக் கடைந்து மாட்டுவதைவிட, அந்த ராட்டினத்தைப் பிரித்துவிடுவதே நேர்மை. ஒரு விளையாட்டு காணாமற்போவதும் சில வேளை பராமரிப்பின் ஒரு பகுதிதான். வணிகத்துக்காக மட்டுமே மாற்றுவதும் நடக்கிறது. குளிர்சாதன அரங்கு, மீன் காட்சி என்பன மழையிலும் வெயிலிலும் கூட்டம் சேர்க்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. 1984-ல் தில்லியில் தொடங்கிய அப்பு கர், நாட்டின் முதல் கேளிக்கைப் பூங்கா, 2008-ல் மூடியே போயிற்று. பூங்காக்களுக்கும் ஆயுள் உண்டு போலும்.

சென்னையின் புதிய வரவு, பழைய மாமல்லபுரம் சாலையில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா. தண்டவாளத்தின் கீழே தொங்கியபடி, கால்கள் காற்றில் ஆட, பறந்து செல்லும் ரோலர் கோஸ்டர் அங்கே உண்டு. தியாகராய நகரிலிருந்து பேருந்தில் போனால் அரைநாள் பயணத்திலேயே கழிந்துவிடும்; விடியலிலேயே புறப்படுவது நலம். எந்தப் பூங்காவாயினும், வாயில் திறக்கும் முன் தண்டவாள ஓரம் ஒருவர் நடந்து போல்ட்டுகளைப் பார்த்திருக்க வேண்டும். வெற்று வண்டி சில சுற்று ஓடியிருக்க வேண்டும். ராட்டினங்களின் பாதுகாப்புக்கென ஐ.எஸ். 15475 என்ற இந்தியத் தர நெறிமுறையே இருக்கிறது. 'இன்று காலை சோதித்தீர்களா?' என்று இயக்குபவரிடம் கேட்பதில் தவறேதுமில்லை. நான் கேட்ட இடங்களில் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு பதில் சொன்னார்கள்.

தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் தனியாக ஒன்று. துப்பட்டா, புர்காவின் தளர்ந்த ஓரம், முந்தானை ஆகியவற்றைச் சுழலும் பாகங்களின் அருகே செல்லுமுன் ஊக்குக் குத்தி இறுக்கிக்கொள்ளுங்கள். குறிப்பாக, தரையை ஒட்டி ஓடும் சிறு பந்தயக் கார்களில். 2020-ல் ஐதராபாத்தில் அத்தகைய காரின் சக்கரத்தில் கூந்தல் சிக்கி ஒரு மாணவி உயிரிழந்தார். முக்காட்டுக்கு மேல் தலைக்கவசம் பொருந்தவில்லையெனில் ஏறாதிருப்பதே மேல். உயரம் அளக்கும் கோலில் பிள்ளை ஒரு விரற்கடை குறைந்தால், குதிகாலை உயர்த்தச் சொல்லிக் கொடுக்காதீர்கள். மடித்தடுப்புக் கம்பி பெரியவர் தொடையில் நின்றுவிட, அருகிலுள்ள சிறுவனுக்கு அது எட்டாமலே போகும்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் உயரமான ராட்டினங்களைக் காற்றையும் இடியையும் பார்த்து நிறுத்திவிடுவார்கள். அன்றைய தினம் எவையெவை ஓடவில்லை என்று நுழைவுச்சீட்டு வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். உள்ளே போனபின் காசு திரும்பக் கிடைப்பது அரிது.