விண்கலத்து மாலுமிகளும் தலைவனும்

கணிப்பொறியில் ஆடப்பெறும் விண்கலப் போர்களுட் பல, கலத்தையே பொருளாகக் கொண்டவை. கலம் உடைந்தால் ஆட்டம் முடிந்தது. அதனுள் இருந்தோர் எத்துணையர், அவர் என்னாயினர் என்னும் வினா எழுவதேயில்லை. இவ்வினாவை எழுப்பி, அதற்கு நுணுக்கமான விடையும் வகுத்த ஆட்டமொன்று உண்டு. ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் என்னும் இருவர் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாஸ்டர் தேன் லைட்' என்பதே அது. ஆடுவோர் அதனை எப்.டி.எல். எனச் சுருக்கி வழங்குவர். தேர்வு நெருங்கிய நாட்களிலும் எம் விடுதியில் அதற்கு ஓய்வில்லை என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறியாதிருப்பார்களாக!

கூட்டரசின் கலமொன்று இன்றியமையாத செய்தியொன்றைச் சுமந்து, கிளர்ச்சிக்காரர் பின்தொடர, எட்டு மண்டலங்களைக் கடந்து செல்கின்றது. முதற்கண் நமக்குக் கிடைக்கும் கெஸ்ட்ரல் என்னும் கலத்தில் மனிதர் மூவரே உளர். ஒருவர் சுக்கான் பிடிப்பர். ஏனையோர் எந்திரத்தையும் படைக்கலங்களையும் பார்த்துக்கொள்வர். கலத்தின் உடலுக்கு 30 அளவு வலிமை உண்டு. அது தீர்ந்தாலும் தோல்வியே. உடல் முழுமையாய் நிற்க, உள்ளிருந்தோர் அனைவரும் மாண்டாலும் தோல்வியே. ஏறித் தப்புவதற்கு உயிர்காப்புப் படகு இல்லை. தோற்றபின் மீண்டும் முதலிலிருந்தே புறப்படல் வேண்டும்.

இத்தகைய கலத்தில் தலைவன் யாண்டுளன்? எவ்வறையிலும் அவன் காணப்படான். ஆடுபவனே தலைவன். அவனுக்கு மேனியில்லை, ஆதலின் காயமுமில்லை. மீகாமன் என்னும் நம் சொல் கலஞ்செலுத்துவோனையும் கப்பற்றலைவனையும் ஒருங்கே குறிக்கும். இவ்வாட்டமோ அவ்விருவரையும் பிரித்து, செலுத்துவோனை உள்ளே வைத்து, தலைவனைக் கலத்துக்குப் புறம்பே நிறுத்திவிட்டது. இதனால் விளைவது யாதெனின், ஆணையிடுபவன் ஒருபோதும் மூச்சுத் திணறான் என்பதே.

மூச்சுத் திணறுதலே இவ்வாட்டத்தின் உயிர்நாடி. பகைவர் குண்டு பாய்ந்து அறையொன்று தீப்பற்றுகின்றது என்று கொள்வோம். அணைக்கும் வழி இரண்டு. ஆட்களை அனுப்பி அணைக்கலாம். அணைக்கும்போதே அவர்தம் உயிரளவு வெந்து குறையும். அன்றி, வெளிக்கதவுகளைத் திறந்து அறையின் காற்றைப் போக்கிவிடலாம். காற்றின்றித் தீ மாளும். உள்ளே நிற்பவனும் மெல்ல மாள்வான். கலத்துட் புகுந்த பகைவரையும் இவ்வாறே காற்றிழக்கச் செய்து வெல்லலாம். காயமுற்றோர் மருத்துவ அறைக்குச் சென்று சேர்ந்தாற் பிழைப்பர். ஆயின் அவ்வறைக்கு மின்னாற்றல் செல்லவேண்டும். அதனைத் தரவேண்டின் வேறொன்றிலிருந்து பிடுங்கித் தரவேண்டியும் நேரும். சுக்கான் பிடித்தவனே காயமுற்றால் இடர் இரட்டிக்கும். அவன் மருத்துவ அறைக்கு நடந்தால், மேம்படுத்தப்படாத கலம் குண்டுக்கு விலகும் திறனை அக்கணமே இழக்கும்.

எம் தமையனார் சரக்குக் கப்பலொன்றின் எந்திர அறையிற் பணிபுரிபவர். விடுமுறைக்கு வந்திருந்த அவர், யாம் தீப்பற்றிய அறையின் கதவைத் திறக்கும் வேளையில் எம் பின்னே வந்து நின்றார். "தம்பி, உள்ளே ஆள் இல்லையே? எண்ணிப் பார்த்தாயா?" என்றார். மூவரும் மருத்துவ அறையில் உளர் என்று காட்டினோம். அதன்பின் அவரே கூறினார். கப்பலின் எந்திர அறையில் அடங்காத் தீ மூண்டால், அனைவரையும் வெளியேற்றி, காற்று வழிகளையெல்லாம் அடைத்து, கரியமிலவாயுவை உள்ளே நிறைப்பார்களாம். தீயும் அடங்கும், அகப்பட்ட உயிரும் அடங்கும். ஆதலின் வாயுவைத் திறக்குமுன் ஆட்களை ஒருமுறை எண்ணியே தீரவேண்டும். எண்ணிக்கையில் ஒருவர் குறைந்தால்? என்று கேட்டோம். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், விடை கூறவில்லை. அவ்வறையில் வேலை செய்பவர் அவரே என்பது அப்பொழுதுதான் எம் நெஞ்சில் உறைத்தது.

ஆட்டத்தில் மாலுமிகளுக்கு நாம் விரும்பிய பெயரை இடலாம். அன்று முதல் எந்திரம் காப்பவனுக்கு எம் தமையனார் பெயரையே இட்டு ஆடுகின்றோம். ஆட்டம் முன்னிலும் கடினமாயிற்று என்பதில் ஐயமில்லை.

2014-ஆம் ஆண்டில் இவ்வாட்டம் விரிவாக்கப்பெற்றபோது, மருத்துவ அறைக்கு மாற்றாக நகலறை என ஒன்று வந்தது. இறந்தவன் சற்று நேரத்தில் அங்கே மீண்டும் உருப்பெறுவான். கற்ற தேர்ச்சியிற் சிறிது மட்டும் குறையும். அவன் காத்திருக்கையில் அவ்வறை பழுதுற்றுச் செயலற்றே கிடப்பின் மீளான். எம் நண்பர் ஒருவர் இதனையே விரும்புபவர். தம் ஆட்களைப் பகைக்கலத்திற்கு அனுப்பி, அவர்கள் அங்கே இருக்கும்போதே அக்கலத்தைத் தகர்ப்பார். ஆட்கள் வீட்டில் வந்து பிறப்பர். எமக்கு அது ஒவ்வாது என்றோம். உயிர்த்தெழுதலை நம்பும் நீர் இதனைக் குறைகூறலாமோ என்று நகையாடினார். அந்நம்பிக்கை பிறரை வீணே சாகவிடுவதற்கு உரிமைச்சீட்டன்று என்று விடுத்தோம். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

அவர் கட்சிக்கு வலிமை வேறிடத்தில் உண்டு. ஐஸ்லாந்து நாட்டுச் சி.சி.பி. நிறுவனத்தார் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈவ் ஆன்லைனில், தலைவன் ஒரு கூட்டினுள் அமர்ந்திருப்பான். கலம் உடைந்தால் கூடு தப்பும். கூடும் உடைந்தால் அவன் வேறிடத்திற் புதிய உடலோடு விழித்தெழுவான். மாலுமிகள் கதையளவில் உளர். ஆட்டத்தின் கணக்கில் இலர். அவர்களை எண்ணுவார் எவருமில்லை. பவுலடியார் ஏறிச் சென்ற கப்பல் மெலித்தா தீவருகே உடைந்த வரலாற்றில், உடன் சென்றோர் 276 பேர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் எண் குறித்தே சொல்கின்றது. கப்பலாட்கள் படகை இறக்கித் தாம் மட்டும் தப்ப முயல்வதும், போர்ச்சேவகர் அப்படகின் கயிற்றை அறுத்து விடுவதும் அங்கே உண்டு. கப்பல் போயிற்று, 276 பேரும் கரையேறினர். எப்.டி.எல். ஆட்டத்தில் அத்தகைய முடிவுக்கு இடமில்லை. கலத்தை இழந்து மாந்தரைக் காப்பது அதன் விதிகளில் இல்லை. இது குறையென்றே யாம் கருதுகின்றோம்.

கடைசிப் போரில் எதிர்ப்படுவது கிளர்ச்சிக்காரரின் பெருங்கலம். அதன் மாந்தர் அனைவரையும் கொன்றாலும் அது வீழாது. கருவியறிவொன்று கலத்தை ஏற்று, பழுதுகளைத் தானே சீர்செய்து போரிடும். இதை அறிந்தோர் அக்கலத்தில் ஒருவனை மட்டும் உயிரோடு விட்டுவைப்பர். அவனது படைக்கல அறை ஏனைய அறைகளோடு தொடர்பற்றது. அங்கிருந்து அவன் வெளியே வருவதற்கு வழியில்லை. தோழர் எல்லோரும் இறந்த கலத்தில் அவன் தனித்து நின்று, தன் ஒரு பீரங்கியைத் தொடர்ந்து இயக்கிக்கொண்டிருப்பான், கலம் தகரும் வரையில்.