48 சுற்று கிணறு... 90 கிலோமீட்டர் சைக்கிள்!

'டிரையத்லான்'னா என்னன்னு தெரியுமா பாஸ்? நீச்சல், சைக்கிள், ஓட்டம்... மூணையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ஒரே மூச்சுல முடிக்கணும். அதுல பெரியண்ணன் 'அயர்ன்மேன்'. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், கடைசியா 42.2 கி.மீ. மாரத்தான்! அதுல சரிபாதி தூரத்துக்கு ஒரு தம்பியும் உண்டு. 2019 அக்டோபர்ல அந்தத் தம்பி போட்டி முதல்முறையா கோவாவுக்கு வந்துச்சு. ஸ்கூல் படிக்கும்போது கேள்விப்பட்டதுலேர்ந்து எங்க மூணு பேருக்கும் அதே கனவுதான்.

ஆனா கட்டணமே பல ஆயிரம். ரேஸ் சைக்கிள், ரயில் டிக்கெட், ரூம் வாடகை தனி. எங்க ஊர் சோமனூர். தறிச் சத்தம்தான் தாலாட்டு. 2025 மார்ச்ல கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகளை நிறுத்தினப்ப அந்தச் சத்தமும் நின்னுபோச்சு. வீட்டுக்கு வாரக் கூலி வராத நேரத்துல, 'அப்பா, கோவா போகணும்... பணம் குடுங்க'ன்னு எந்த வாயால கேட்கறது? நீங்களே சொல்லுங்க!

அப்பத்தான் அயர்ன்மேனோட ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்தேன். 1978 பிப்ரவரி 18, ஹவாய். ஜான் காலின்ஸ்னு ஒரு கடற்படைக்காரரும் அவரோட மனைவி ஜூடியும் சேர்ந்து ஆரம்பிச்சது. கிளம்பினது வெறும் 15 பேர், முடிச்சது 12 பேர். தண்ணி, சாப்பாடு எல்லாம் அவங்கவங்க ஆளுங்க கொண்டுவரணும். ஜெயிச்ச கார்டன் ஹாலர் ஒரு டாக்ஸி டிரைவர். 11 மணி 46 நிமிஷத்துல முடிச்சார். ரெண்டாவது வந்த ஜான் டன்பருக்கு வழியில தண்ணி தீர்ந்துபோக, கூட வந்தவங்க பீரைக் குடுத்திருக்காங்க! இன்னிக்கு உலகமே கொண்டாடற போட்டி, அன்னிக்கு நம்ம ஊர் பொங்கல் விளையாட்டைவிடச் சின்னது பாஸ்.

அப்புறம் என்ன... நாமளே நடத்திடலாம்னு முடிவு பண்ணிட்டோம். ஆடி மாசத்து ஞாயித்துக்கிழமை ஒண்ணைக் குறிச்சோம்.

நீச்சலுக்கு நண்பனோட தோட்டத்துக் கிணறு. 40 அடிக்கு 40 அடி. சுவரை ஒட்டியே நீந்தினா ஒரு சுத்துக்கு 40 மீட்டர். 1.9 கி.மீ.க்கு 48 சுத்து! கயிறு, லாரி டியூபோட ரெண்டு அண்ணன்கள் படியில காவல். விடிஞ்சதும் இறங்கினோம். எட்டிப் பார்த்த தோட்டத்து அப்பாரு, "ஏஞ்சாமி, செக்கு மாடாட்டம் இப்படிச் சுத்தறீங்க... உள்ள ஏதாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?"ன்னார். சிரிச்சதுல எனக்கு ஒரு வாய் தண்ணி உள்ள போச்சு.

அடுத்து சைக்கிள். கியர் இல்லாத பழைய வண்டி. கருமத்தம்பட்டி, அன்னூர் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டுல 45 கி.மீ. போய்த் திரும்பணும். பாலக்காட்டுக் கணவாய்ல புகுந்து வர்ற ஆடிக் காத்து, போகும்போது மல்லுக்கட்டுச்சு. திரும்பும்போது முதுகைத் தள்ளிவிட்டுச்சு. வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தா உடம்புல உப்புச் சத்து குறைஞ்சு ஆபத்தாயிடும். அதனால உப்புப் போட்ட மோர், ஓ.ஆர்.எஸ்., வாழைப்பழம், கடலைமிட்டாய். மூணு பேருக்கும் மொத்தச் செலவு 640 ரூபாய்தான்!

சைக்கிளை விட்டு இறங்கி ஓடும்போதுதான் நிஜமான பரீட்சை. மணிக்கணக்கா பெடல் மிதிச்ச கால், ஓட்டத்துக்குப் பழக நேரம் கேட்கும். முதல் ரெண்டு கிலோமீட்டர் யாரோட காலையோ கடன் வாங்கிட்டு ஓடற மாதிரி இருந்துச்சு. 14-வது கிலோமீட்டர்ல நண்பன் ஒருத்தனுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க, மூணு பேரும் நடந்தோம். அப்புறம் ஓடினோம். மறுபடி நடந்தோம்.

8 மணி 52 நிமிஷம்! பெரிய போட்டின்னா 8.30 மணி நேரத்தோட கதவைச் சாத்தியிருப்பாங்க.

"சர்ட்டிபிகேட் கிடையாது, மெடல் கிடையாது... இதெல்லாம் கணக்குல சேருமா?"ன்னு காலேஜ்ல ஒருத்தன் கேட்டான். ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிட்டிருந்த அப்பாகிட்ட அதைச் சொன்னேன். "நான் எத்தனை மீட்டர் நெய்தேன்னு எவன் சர்ட்டிபிகேட் குடுத்தான்? துணி இருக்குதில்ல"ன்னார். தேய்ஞ்சுபோன பழைய தறி நாடா ஒண்ணை எடுத்து என் கையில குடுத்துட்டு, டிபன் பாக்ஸோட நடையைக் கட்டிட்டார். அதுதான் இப்ப என் ஷெல்ஃப்ல இருக்கு.

கோவாவுக்கும் ஒருநாள் போவோம். அதுவரைக்கும் கனவைப் பூட்டி வைக்கணும்னு யார் சொன்னது? உங்க ஊர்லயும் ஒரு குளமோ கிணறோ, ஒரு சைக்கிள், ஒரு மண் ரோடு இருக்கும். முதல்ல சின்ன தூரம் வெச்சுக்குங்க. நாலஞ்சு மாசம் பழகுங்க. டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிக்குங்க. முக்கியமா, கரையில ஆள் நிக்காம தண்ணில இறங்கிடாதீங்க.

அடுத்த ஆடிக்கு எங்க கிணத்துல இடம் இருக்கு... வர்றீங்களா?