அந்தப் பெண்ணின் படிப்பை நிறுத்தியவன் நான்

கடற்கரை ஊர் ஒன்றில் இமாமாக இருந்து, மாலையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த காலம். என்னிடம் ஓதிய ஒரு பெண்ணின் வாப்பா வந்து கேட்டார்: "பத்தாவதுல நல்ல மார்க்கு ஹஜ்ரத். டாக்டருக்குப் படிக்கணும்கிறா. மார்க்கத்துல கூடுமா?"

"துன்யா படிப்பு பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்" என்றேன். நான் சொன்னால் மார்க்கமே சொன்னதாக நம்பிய மனிதர். அவள் படிப்பு அத்தோடு நின்றது.

தெரியாமல் சொல்லவில்லை. இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவை ஓதியவன் நான். அந்தக் கிதாபு கல்வியைப் பற்றிய பாகத்தோடுதான் தொடங்குகிறது. தொழுகையும் நோன்பும் பிறகுதான். மருத்துவத்தையும் கணக்கையும் அதில் அவர் பர்ளு கிஃபாயா என்கிறார். ஊரில் சிலராவது கற்றிருக்க வேண்டும், ஒருவருமே கற்கவில்லையென்றால் ஊரே குற்றவாளி. 1111இல் மறைந்தவர் அவர். மார்க்கச் சட்டம் படிக்க முண்டியடிக்கிறார்களே, எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லையே என்று அன்றைக்கே குமுறியிருக்கிறார். நபிகளாரின் மனைவி ஆயிஷா நாயகி 2,000க்கும் மேற்பட்ட ஹதீஸ்களை அறிவித்தவர், மூத்த சஹாபாக்களே அவரிடம் சந்தேகம் கேட்டு வந்தார்கள் என்று நானே பயான் செய்திருக்கிறேன்.

பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? அதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மக்ரிபுக்குப் பின், அவள் குர்ஆன் வைத்து ஓதும் ரெஹாலின் மீது உயிரியல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். இதயத்தின் படம். நான்கு அறைகளுக்கும் பென்சிலால் பெயர் எழுதி, அம்புக்குறி போட்டிருந்தாள். "ரத்தம் ஏன் ஹஜ்ரத் நுரையீரலுக்குப் போயிட்டுத் திரும்பி வருது?" எனக்குத் தெரியவில்லை. "ரெஹால்ல வைக்கிற புத்தகமா இது?" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி அதட்டினேன். வெட்கத்தை மார்க்கத்தின் பெயரால் மூடிக்கொண்டேன். அவள் வாப்பா வந்து கேட்டபோதும் அந்த வெட்கம்தான் பதில் சொன்னது.

இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போய்த் திரும்புவதை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அந்நபீஸ் என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். மருத்துவர் மட்டுமல்ல, நான் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் சட்ட அறிஞரும்கூட. அவருடைய ரெஹாலில் அந்தப் படத்துக்கு இடம் இருந்திருக்கும்.

என் தீர்ப்பு தவறு என்று ஜும்ஆவில் சொல்லிவிட்டேன். யாருக்குச் சொன்ன தீர்ப்பு என்று சொல்லவில்லை. வாப்பா மவுத்தாகிவிட்டார். அடியானுக்குச் செய்த அநீதியை அந்த அடியான் பொறுத்தாலொழிய தவ்பா நிறைவேறாது என்று ஊருக்கெல்லாம் ஓதிக்கொடுத்தவன், அவள் வீட்டு வாசலுக்குப் போய் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.