பால்மமூசாவும் பின்னால் ஓடும் தேரும்



இது ஒரு வீடியோ கேம் பற்றிய நீண்ட பதிவு. "லீவு விட்டதும் சேருக்கு வேற வேலை இல்லையா" என்று கேட்கப்போகும் பெற்றோர், கடைசிப் பந்திகளையாவது வாசித்துவிட்டுக் கேளுங்கள். கதையை முழுதாக விளையாடிப் பார்க்க நினைக்கிறவர்கள் மட்டும் இப்போதே நிறுத்திவிடுங்கள். முக்கியமான ஒரு இடத்தை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேமின் பெயர் டாக்டிக்ஸ் ஓகர். 1995 ஒக்டோபரில் ஜப்பானில் சுப்பர் ஃபெமிகொம் மெஷினுக்காக குவெஸ்ட் என்ற கொம்பனி வெளியிட்டது. எழுதி இயக்கியவர் யசுமி மட்சுனோ. விளங்கிக்கொள்ள செஸ் போர்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போர்ட் சமதரை இல்லை, மேடும் பள்ளமும் கூரையும் ஆறும் உள்ளது. காய்களுக்குப் பெயர் உண்டு, சொந்தக் கதை உண்டு, சண்டைக்குச் சண்டை வளர்ச்சி உண்டு. வில்லாளியை மேட்டில் நிறுத்தினால் அம்பு தூரம் போகும். கவச வீரனை ஒடுக்கமான பாலத்தில் நிறுத்தினால் எதிரி வரிசை அப்படியே தேங்கி நிற்கும். அவசரப்படுகிறவனுக்கு உகந்த விளையாட்டு அல்ல.

ஆங்கிலத்தில் இது முதலில் 1998ல் பிளேஸ்டேசனுக்கு வந்தது. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் மணித்தியாலக் கணக்கில் காசு வாங்கும் கேம் கடைதான். அங்கே எல்லோரும் ஃபுட்போல், கார் ரேஸ், அடிதடி. இதைப் போட்டால் ஒரு சண்டை முடிவதற்குள் கொடுத்த காசு முடிந்துவிடும், பின்னால் நிற்கிற பொடியன்களும் கத்தத் தொடங்குவார்கள். அதனால் அட்டைப் படத்தைப் பார்த்ததோடு சரி.

2010 நவம்பரில் ஜப்பானிலும் 2011 பெப்ரவரியில் ஆங்கிலத்திலும் இதே கேம் பி.எஸ்.பி. என்ற கையடக்க மெஷினுக்குப் புதிதாகச் செய்யப்பட்டு வந்தது. மட்சுனோ திரும்பி வந்தார். முதல் கேமில் வேலை செய்த ஹிரோஷி மினகாவா, சித்திரக்காரர் அகிஹிகோ யோஷிதா, இசையமைத்த ஹிதோஷி சகிமோதோ, மசஹரு இவாதா எல்லோரும் மீண்டும் ஒன்றுசேர்ந்தார்கள். என் கைக்கு அது வந்தது பல வருசம் கழித்து. கட்டாரில் இருந்து வந்த மச்சான் தன் பழைய மெஷினைத் தந்துவிட்டுப் போனார். 2022ல் கரண்ட் இல்லாத இரவுகளில்தான் அதை ஒழுங்காக விளையாடி முடித்தேன்.

கையடக்கமாக மாறியதால் முதலில் மாறியது நேரம். பி.எஸ்.பி.யில் ஒரு சுவிட்சைத் தள்ளினால் மெஷின் அப்படியே தூங்கும். திரும்பத் தள்ளினால் விட்ட இடத்தில் விழிக்கும். முக்கால் மணித்தியாலச் சண்டையை பஸ்ஸில் பத்து நிமிசம், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் பத்து நிமிசம் என்று துண்டு துண்டாக முடிக்கலாம். சின்ன ஸ்கிரீனில் மலைக்குப் பின்னால் நிற்கும் ஆட்கள் மறைந்துவிடுவார்கள் என்று, மேலிருந்து நேராகப் பார்க்கும் வசதியையும் சேர்த்திருந்தார்கள். அடுத்து யாருடைய முறை என்ற வரிசையும் கீழே தெரியும். இவையெல்லாம் வசதிகள். இனிச் சொல்லப்போவது கேமின் குணத்தையே மாற்றிய மூன்று விடயங்கள்.

முதலாவது, தேர். டாரட் அட்டைகளில் ஒன்றின் பெயர் அது. சண்டை நடக்கும்போது அதை எடுத்தால் 50 நகர்வுகள் வரை பின்னால் போகலாம். நடந்த நகர்வுகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எந்த நகர்வுக்குப் போக வேண்டுமோ அதைத் தெரிவுசெய்து, அங்கிருந்து வேறு விதமாக விளையாடலாம். பழைய கேமில் இது கிடையாது. ஒருவனின் உயிர் பூச்சியத்துக்கு வந்தால் பெரும்பாலும் ஆள் போனதுதான். புதியதில் விழுந்தவனுக்கு மேல் மூன்று என்று எண்ணத் தொடங்கும். அதற்குள் எழுப்பிவிட்டால் தப்பினான். தவறினால் அவனிடமுள்ள மூன்று இதயங்களில் ஒன்று போகும். மூன்றும் போனால்தான் முழுதாக இல்லாமல் போவான்.

பழைய ரசிகர்கள் பலர் இதை ஏற்கவில்லை. தோல்வியின் பாரம் போய்விட்டது, இது சிறுபிள்ளை விளையாட்டாகிவிட்டது என்பது அவர்கள் முறைப்பாடு. ஒரு கணித ஆசிரியனாக எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய கேமில் ஆள் செத்ததும் விளையாடுகிறவர்கள் என்ன செய்தார்கள்? மெஷினை நிறுத்திவிட்டு, சேமித்து வைத்த இடத்தில் இருந்து திரும்பத் தொடங்கினார்கள். கணக்கு பிழைத்ததும் பக்கத்தையே கிழித்துப் போடும் பிள்ளை மாதிரி. கிழித்தவனுக்கு எந்த வரியில் பிழை என்று கடைசி வரை தெரியாது. தேர் அந்த வரியைத் தேட வைக்கிறது. என் மந்திரவாதி விழுந்தது போன முறை வாங்கிய அடியாலா, அல்லது எட்டு நகர்வுக்கு முன் நான் அவனைத் திறந்த வெளியில் நிறுத்தியதாலா? பின்னால் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் எட்டு நகர்வுக்கு முன்தான் விடை இருக்கும். தரம் 9 கொப்பிகளில் நான் சிவப்பு மையால் வட்டம் போடுவதும் அதைத்தான். விடையில் போடுவதில்லை, விடை பிழைக்கத் தொடங்கிய வரியில் போடுகிறேன்.

இரண்டாவது, படிநிலை. பழைய கேமில் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிப் படிநிலை. பின்தங்கியவனை உயர்த்த, சொந்த ஆட்களையே எதிரெதிரே நிறுத்திக் கல்லெறிய விட்டுப் பயிற்சி கொடுப்பார்கள். மணிக்கணக்கில். புதியதில் படிநிலை ஆளுக்கு இல்லை, அவன் சேர்ந்திருக்கும் வகுப்புக்கு. வில்லாளி வகுப்பு 12ல் இருந்தால், இன்று வந்து சேரும் வில்லாளியும் 12தான். இடம்மாறி இடைநடுவில் வரும் பிள்ளையை முழு வகுப்பும் சேர்ந்து தூக்கிவிடுவது மாதிரி, கேட்கவே சந்தோசமாக இருந்தது. ஆனால் விளையாடப் போனால் ஒரு வில்லங்கம். கதையின் பாதியில் புதிதாக ஒரு வகுப்பு கிடைத்தால் அது ஒன்றில் இருந்து தொடங்கும். எதிரிகள் எல்லாம் 15ல் நிற்கிறார்கள். அந்தப் புதியவனைக் கூட்டிப்போனால் இரண்டு அடியில் விழுவான். அதனால் தெரிந்த நாலைந்து வகுப்போடு மட்டும் ஓடி முடிக்கத்தான் மனம் வரும். உதவி என்று செய்தது, புதிதாக ஒன்றைப் பழகுகிறவனுக்குத் தண்டனையாகிவிட்டது. 2022 நவம்பரில் இதே கேம் ரீபோர்ன் என்ற பெயரில் இன்னொரு முறை வந்தபோது படிநிலையைத் திரும்பவும் ஆளுக்கே கொடுத்துவிட்டார்கள். தேரை மட்டும் எடுக்கவில்லை.

மூன்றாவது, உலகம். அதுவும் ஒரு அட்டைதான். இதைச் சொல்லக் கதைக்குள் போக வேண்டும்.

வெலேரியா என்ற தீவுக்கூட்டம். அரை நூற்றாண்டு ஒற்றுமையாக ஆண்ட மன்னன் இறந்ததும் மூன்று இனங்கள் ஆட்சிக்கு அடிபடுகின்றன. கல்கஸ்தானி பெரும்பான்மை, பக்ரம் மேல்தட்டு, வாலிஸ்டர் மிகச் சிறுபான்மை. நாம் டெனம் என்ற வாலிஸ்டர் இளைஞன். கூடவே அக்கா கட்டியுவா, நண்பன் வைஸ். யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போர்கள் இந்தக் கதையைப் பாதித்ததாக மட்சுனோவே சொல்லியிருக்கிறார். ஸ்ரெப்ரெனிட்சாவில் ஆயிரக்கணக்கான பொஸ்னிய முஸ்லிம் ஆண்களும் பையன்களும் கொல்லப்பட்டது 1995 ஜூலையில். கேம் கடைக்கு வந்தது அதே வருசம் ஒக்டோபரில். ஜப்பானில் இருந்து எவரோ கற்பனையாகக் கட்டிய கதை என்று இதை ஒதுக்க முடியாதது அதனால்தான்.

முதல் அத்தியாயத்தின் முடிவில் டெனமும் வைஸும் பால்மமூசா என்ற ஊருக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கே வாழும் வாலிஸ்டர் மக்களைப் போருக்கு எழுப்ப வேண்டும். மக்கள் மறுக்கிறார்கள். அப்போதுதான் தலைவர் ரொன்வே பிரபுவின் உண்மையான கட்டளையைத் தளபதி லியோனார் வெளியில் எடுக்கிறான். ஊரையே கொன்றுவிட்டு, கல்கஸ்தானிகள் செய்ததாகப் பரப்புவது. ஆத்திரத்தில் மீதி வாலிஸ்டர்கள் எல்லாம் ஒன்றுசேர்வார்கள். டெனம் உடன்படுகிறானா இல்லையா என்பதை நாம் தெரிவுசெய்ய வேண்டும்.

உடன்பட்டால் வரும் பாதைக்குப் பெயர் சட்டத்தின் பாதை. மறுத்தால் வருவது குழப்பத்தின் பாதை. பிள்ளைகளிடம் நல்ல பழக்கம் என்று நாம் முதலில் கேட்பது கீழ்ப்படிவைத்தான். அதனால் அந்தப் பெயர்களைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு ஒருமாதிரி ஆகியது.

இங்கே தேர் வேலை செய்யாது. அது சண்டைக்குள் மட்டும்தான் ஓடும், சொன்ன வார்த்தையைத் திருப்பித் தராது. ஆனால் முழுக் கதையையும் முடித்த பிறகு உலகம் என்ற அட்டை திறக்கும். சேர்த்த படையோடும் பொருளோடும் பால்மமூசாவுக்குத் திரும்பிப் போய் மற்ற விடையைச் சொல்லலாம். பழைய கேமில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் இருந்து எல்லாவற்றையும் திரும்ப விளையாட வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒரு பாதையோடு முடித்துவிட்டு, மற்றப் பாதையில் அந்த மக்கள் தப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார்கள்.

நான் திரும்பிப் போனேன். ஊர் தப்பவில்லை. டெனம் மறுத்தால் வைஸ் கட்டளையை நிறைவேற்றுகிறான். மக்கள் எப்படியும் சாகிறார்கள், பழி மட்டும் டெனம் தலையில் விழுகிறது, சொந்த இனமே அவனைத் தேடித் திரிகிறது. டெனம் உடன்பட்டால் வைஸ் அதை எதிர்த்துப் பிரிந்து போகிறான். நாம் எந்தப் பக்கம் போனாலும் நண்பன் மறுபக்கம். இரண்டிலும் பால்மமூசா எரிகிறது.

இந்த மறுஆக்கம் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். 50 நகர்வு பின்னால் போக விட்டு, காலத்தையே தாண்டிப் போக விட்டு, எல்லாம் நம் கையில் என்று நம்ப வைத்துவிட்டு, கடைசியில் மாற்ற முடியாத ஒன்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே நம் கையில் மிஞ்சுவது, அந்த நெருப்பில் நம் கை இருந்ததா இல்லையா என்பது மட்டும்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? போன தவணையில் ஒரு நாள், உண்மையா பொய்யா என்று தெரியாத ஒரு வட்ஸ்அப் செய்தி வகுப்பில் ஓடியது. மற்ற சமூகத்தைப் பற்றியது. எந்தச் சமூகம் என்று கேட்காதீர்கள், அதில் பயன் இல்லை. அனுப்பியவர்களில் ஒருவனைத் தனியே கூப்பிட்டு ஏன் என்று கேட்டேன். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. "சேர், நான் அனுப்பாட்டியும் மத்தவங்க அனுப்பத்தானே போறாங்க. நான் மட்டும் நிப்பாட்டி என்ன ஆகப்போகுது?" என்றான்.

2018ல் அம்பாறையில் கொத்து ரொட்டிக்குள் மாத்திரை என்று ஒரு பொய் எப்படிக் கிளம்பியது, அடுத்த வாரம் திகனவில் என்ன நடந்தது, அரசாங்கம் ஃபேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நிறுத்தி வைக்கும் நிலை எப்படி வந்தது என்று நம் வீடுகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அன்று அந்தப் பொய்யை அனுப்பிய ஒவ்வொருவரும் இந்தப் பிள்ளை சொன்னதைத்தான் தமக்குத் தாமே சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது கணக்குப்படி சரியாகக்கூட இருக்கலாம். ஒருவர் நிறுத்தியிருந்தால் திகன தப்பியிருக்காது.

அவனுக்கு நான் புத்தி சொல்லவில்லை. பால்மமூசாக் கதையைச் சொன்னேன். இரண்டு பாதையையும், இரண்டிலும் ஊர் எரிவதையும் சொல்லிவிட்டு, நீ டெனம் என்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். நேரம் எடுத்தான். "எப்படியும் எரியும் என்றா, நான் எரிக்காம இருக்கலாம்தானே சேர்" என்றான். பிறகு, "ஆனா பழி எனக்குத்தானே வரும்?" என்றான். ஆம், வரும் என்றேன். வராது என்று சொன்னால் அது பொய்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எல்லாக் கேமும் நல்லது என்று நான் சொல்லவில்லை. காசு பறிக்கிறவையும் நேரம் தின்கிறவையும் நிறைய உண்டு. ஆனால் "போனை வை" என்று சொல்வதற்கு முன் ஒரு தடவை "என்ன கதை இது, இதில நீ யாரு" என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் தாராளமாகப் பறித்து வையுங்கள். பதில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

பி.கு. மெஷினைக் கேட்டு இன்பொக்ஸ் வரவேண்டாம். பெட்டரி வீங்கிக் கிடக்கிறது. மச்சானிடம் புதுசு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.