மங்குஸ்தானுக்கு மெத்தை... கைகொடுக்கும் மூங்கில் வில்!

மங்குஸ்தான் பழத்தைப் பார்த்தால் ஓடு கெட்டியாகத்தான் தெரியும். ஆனால், இதைப்போல அடி தாங்காத பழம் குறைவு. ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தாலே போதும்... அடிபட்ட இடத்தில் ஓடு மரக்கட்டை மாதிரி இறுகிவிடும். வெளியே தழும்புகூடத் தெரியாது. வாங்கிப் போனவர் பிரிக்க முடியாமல் தவிப்பார். மறுமுறை நம்மிடம் வரமாட்டார்.

எங்கள் பர்லியாரில் 1871-ம் ஆண்டிலிருந்து அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. அங்கே மங்குஸ்தான், ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் விளைவதைப் பார்த்துத்தான் எங்களைப் போன்ற சிறு விவசாயிகளும் வீட்டைச் சுற்றி மரம் வைத்தோம். என்னிடம் இருப்பது 11 மங்குஸ்தான் மரங்கள். பருவத்தில் கொஞ்சம் பழம் ரோட்டோரக் கடையில் விற்றுவிடும். மீதியைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பத் திரும்ப, கிரேடுக்குள் பழம் ஒன்றோடு ஒன்று மோதும். வைக்கோல் பரப்பினால் எங்கள் ஊர் மழை ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கிறது. முட்டை அட்டையில் குழி சிறிது. நனைந்தால் ஊறிப் போகும்.

டி.வி, ஃப்ரிட்ஜ் விற்கும் கடைகளில் பொருளைச் சுற்றி வரும் வெள்ளை தெர்மாகோலைத் தூக்கித்தான் போடுகிறார்கள். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதைக் கத்தியாலோ ரம்பத்தாலோ அறுத்தால் பிரச்னை வேறு. வெள்ளை மணிகளாக உதிர்ந்து காற்றில் பறக்கும்; பொறுக்கவே முடியாது. எங்கள் ஓடைத் தண்ணீர் கீழே பவானிக்குத்தான் போகிறது. அதில் இதைக் கலக்க மனசு வரவில்லை.

கல்யாண மேடையில் மணமக்கள் பெயரை தெர்மாகோலில் வெட்டி வைக்கிறார்களே... அந்த வேலை செய்பவர் ஒருவர் மேட்டுப்பாளையத்தில் வழிகாட்டினார். சூடான மெல்லிய கம்பி பட்ட இடத்தில் தெர்மாகோல் உருகி விலகும். ஒரு மணிகூட உதிராது. தெர்மாகோலில் பெரும்பங்கு காற்றுதான். 100 டிகிரிக்கு மேலேயே இளகிவிடும். அதனால் கம்பி சிவக்க வேண்டிய அவசியமே இல்லை.

தம்பி மகன் போனில் ஒரு வீடியோ காட்டினான். அதில் வீட்டு பிளக்கிலிருந்து ஒரு குண்டு பல்பு வழியாக நேரே கம்பிக்குக் கரன்ட் கொடுத்திருந்தார்கள். என் மனைவி பார்த்ததுமே, "ஏங்க, ஈரக்கையோட வேலை செய்யற ஆளுங்க நாம. தொறந்த கம்பியில வீட்டுக் கரன்ட்டை விடறதா?" என்று தடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. நடுவில் பல்பு இருந்தாலும் அந்தக் கம்பியைத் தொட்டால் 230 வோல்ட் அடிக்கும். உயிர் போகும். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

எனக்குக் கைகொடுத்தது, மருந்து அடிக்கும் ஸ்பிரேயரின் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பேட்டரி. ஹீட்டர் காயில் விற்கும் கடையில் 28 கேஜ் நிக்ரோம் கம்பி என்று கேட்டு வாங்கினேன். 60 செ.மீ நீளத்துக்குச் சுமார் 6 ஓம் மின்தடை வரும். 2 ஆம்பியர் கரன்ட் ஓடும். இந்தச் சூடு போதுமானது. நீளத்தைக் குறைத்தால் சூடு ஏறும். கம்பி சிவந்து தெர்மாகோல் புகையும். கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம். அதன் மின்தடை பத்தில் ஒரு பங்குதான் என்பதால் பேட்டரி பாழாகும்.

சட்டத்துக்கு மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்து, இரண்டு முனையிலும் போல்ட் வைத்துக் கம்பியை முறுக்கினேன். நிக்ரோமில் சால்டரிங் ஒட்டாது. சூட்டில் கம்பி 2 மி.மீ வரை நீளும். வில் தானாக விரிந்து அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பேட்டரி வயரில் 5 ஆம்பியர் ஃபியூஸ், கைப்பிடியில் காலிங் பெல் சுவிட்ச். விரலை எடுத்தால் சூடு நின்றுவிடும். பேட்டரி போக மொத்தச் செலவு 200 ரூபாய்க்குள்தான்.

பலகையின் இரு பக்கமும் 1 செ.மீ கனமுள்ள டைல்ஸ் துண்டுகளை வைத்து, நடுவில் தெர்மாகோலை வைக்க வேண்டும். டைல்ஸ் மேல் கம்பியை மெதுவாக நகர்த்தினால் 1 செ.மீ தகடு கிடைக்கும். அழுத்தித் தள்ளினால் கம்பி வளைந்து வெட்டு கோணலாகும். தகட்டை 6 செ.மீ அகலப் பட்டைகளாக்கி, 7 செ.மீ-க்கு ஒரு இடத்தில் பாதி அகலம் வரை பள்ளம் வெட்டி, குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தால் சோடா பாட்டில் பெட்டி மாதிரி அறைகள் தயார். அறைக்கு ஒரு பழம். அடியிலும் மேலேயும் ஒரு தகடு. பழம் மூச்சுவிடும் என்பதால் தகடுகளில் ஓட்டை போட வேண்டும். மூடிய தெர்மாகோல் பெட்டியில் வைத்தால் பழம் சூடாகிவிடும்.

வியாபாரி முன்பெல்லாம் கிரேடுக்கு அரை டஜன் பழம் கழிப்பார். இப்போது ஒன்றிரண்டோடு சரி. அறைகள் காலி கிரேடோடு திரும்பி வருகின்றன.

சில எச்சரிக்கைகள்... திறந்த திண்ணையில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று வெட்டுங்கள். தெர்மாகோல் ஆவி நெஞ்சுக்கு ஆகாது. குழந்தைகளை அருகில் விடாதீர்கள். வெள்ளை தெர்மாகோலை மட்டுமே வெட்டுங்கள். பழைய ஃப்ரிட்ஜ் சுவரில் இருக்கும் மஞ்சள் ஃபோமைச் சுட்டால் விஷ வாயு வரும். மிஞ்சிய துண்டுகளை எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம். சாக்கில் கட்டிப் பழைய சாமான் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இதே தகட்டைக் கோழிக்குஞ்சுப் பெட்டிக்குக் குளிர் தாங்கும் சுவராகவும் வைக்கலாம். ஆனால், குஞ்சுகள் கொத்தித் தின்றுவிடும். உள்பக்கம் பலகையோ கெட்டி அட்டையோ அடித்துவிடுங்கள்.