பிள்ளையின் வாய்மொழி

பாஷை தெரியாத ஊரில் குடியேறுகிறவர்கள் முதலில் இழப்பது 'பெரியவர்' என்ற அந்தஸ்தை. தகப்பனுக்கு இந்த இழப்பு வேலை செய்கிற இடத்தோடு நின்றாலும் நின்றுவிடும். தாய்க்கோ அது வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துக் கடிதத்தைப் படித்துச் சொல்வதும், கூட வந்து டாக்டரிடம் பேசுவதும் அவள் பெற்ற குழந்தைதான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான இலங்கைத் தமிழர்கள் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் மளிகை, புடவை, நகை எல்லாம் தமிழ் பேசியே வாங்கிவிடலாம். ஆனால் வியாதியைச் சொல்ல ஆங்கிலம் வேண்டியிருக்கிறது.

அங்கே நான் சந்தித்த யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருவர், இரண்டாவது பிரசவத்துக்குப் பின் டாக்டரிடம் போன கதையைச் சொன்னார். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சரக்கு அரைத்துக் கொடுக்கத் தாய் அருகில் இல்லை. கணவருக்கு இரவு வேலை. ஜன்னலுக்கு வெளியே பனி. டாக்டரிடம் மொழிபெயர்த்தவள் ஒன்பது வயது மூத்த மகள்.

"நித்திரை வருகுதில்லை, நெஞ்சு அடைக்குது எண்டு மட்டும் சொன்னன். மிச்சத்தைப் பிள்ளையின்ர வாயாலை எப்பிடி அண்ணை சொல்லுவிக்கிறது?" என்று என்னைக் கேட்டார்.

டாக்டர் இருதயத்தைப் பரிசோதித்தார். கோளாறு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 'எடின்பரோ' வினாத்தாள் என்று ஒன்று 1987-இல் வெளியாயிற்று. கடந்த 7 நாட்களில் மனம் எப்படியிருந்தது என்று கேட்கும் 10 கேள்விகள். உடம்பின் உபாதைகளை அதில் சேர்க்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு அசதி சகஜம்தானே! நம் பெண்களோ பெரும்பாலும் மனத்தின் வலியை உடம்பின் மேல் வைத்துத்தான் சொல்வார்கள். பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. பெற்ற மகளே அதை மொழிபெயர்த்துக் கேட்டால், எந்தத் தாய் 'ஆம்' என்பாள்?

சில வாரம் கழித்துத் தமிழ் தெரிந்த தாதி ஒருவர் அந்தச் சிறுமியை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாராம். அம்மாள் அரை மணி நேரம் அழுதுவிட்டுத்தான் பேசத் தொடங்கினாராம். வைத்தியமும் அன்றுதான் தொடங்கியது.

அந்த வினாத்தாள் இன்று தமிழிலும் இருக்கிறது. அதோடு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்க, தமிழ் அறிந்த ஓர் அந்நியரும் வேண்டும். அகதிக்கு இடம் கொடுத்த நாட்டுக்கு அந்த ஒருவரின் சம்பளம் பெரிய செலவாகாது. குழந்தையின் தலையிலிருந்து ஒரு சுமையும் இறங்கும்.