டீ கிளாஸும் ஐந்நூறு ரூபாயும்

பி.காம் படிக்கிறவனுக்கு அமெரிக்கச் சட்டத்தில் என்ன வேலைன்னு கேட்காதீங்க. காரணம் இருக்கு. அந்த நாட்டில் கறுப்பினத்தவரை ஓட்டலுக்குள் உட்கார விடணும்னு சொல்ல, கடைசியில் கைகொடுத்தது எங்க பாடம்தான்... காமர்ஸ்!

விடுதி, நாடக அரங்கம் மாதிரி இடங்களில் நிறம் பார்க்கக் கூடாதுன்னு 1875லேயே அங்கே ஒரு சட்டம் வந்தது. 1883ல் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாதுன்னு சொல்லிருச்சு. சம உரிமைத் திருத்தம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் கடைக்காரரை இல்லையாம். அப்புறம் 1964 சிவில் உரிமைச் சட்டம் வரைக்கும் 81 வருஷம். இந்தத் தடவை வேற வழியில் வந்தாங்க. மாநிலங்களுக்கு இடையே நடக்கிற வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இருக்கே, அதைப் பிடிச்சாங்க.

பர்மிங்காமில் ஓலீஸ் பார்பிக்யூன்னு ஒரு குடும்ப ஓட்டல். கறுப்பினத்தவர் பார்சல் வாங்கலாம், உள்ளே உட்கார முடியாது. அவங்க வாங்கிய சரக்கில் 46 சதவீதம் வெளி மாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. அதனால நீங்களும் இந்தச் சட்டத்துக்குள் வருவீங்கன்னு 1964 டிசம்பரில் தீர்ப்பு. மனுஷனை மனுஷனா நடத்தச் சொல்ல இறைச்சி பில்லைக் காட்ட வேண்டியிருந்திருக்கு!

நமக்கு அந்தச் சுத்து தேவையே இல்லை. 1950லேயே அரசியல் சாசனத்தின் 15வது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம்னு பேர் சொல்லி எழுதியிருக்கு. 17வது பிரிவு தீண்டாமையை ஒழிச்சாச்சுங்குது. 1955ல் அதுக்குத் தண்டனைச் சட்டம் வந்தது. 1976ல் கடுமையாக்கி, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்னு பேரையும் மாத்தினாங்க. ஓட்டலில் பொதுவா வெச்சிருக்கிற பாத்திரத்தை ஒருத்தருக்கு மறுத்தாலே அதில் குற்றம்.

இப்ப எங்க ஊருக்கு வர்றேன். அவிநாசிப் பக்கம்னு மட்டும் வெச்சுக்கோங்க. தாத்தாவுக்குக் கொட்டாங்குச்சியில் டீ. அப்பாவுக்குத் தனி கிளாஸ், குடிச்சுட்டு அவரே கழுவி வைக்கணும். எனக்குப் பேப்பர் கப். பக்கத்தில் நிக்கிறவருக்குக் கண்ணாடி கிளாஸ். கேட்டா "சுகாதாரம்" :) சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனி வாசல் கடைகளிலும் பேப்பர் கப்தான், ஆனா எல்லாருக்கும். அதில் டீ குடிக்கும்போது எனக்கு ஒண்ணுமே தோணாது.

சுகாதாரம்னு சொல்லித் தப்பிக்க முடியுமா? 1955 சட்டத்தின் 12வது பிரிவு அருமையானது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதின்னா, தீண்டாமைக்காகத்தான் செய்தாங்கன்னே கோர்ட் எடுத்துக்கும். இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. ஆனா அபராதம்? 1955ல் அதிகபட்சம் 500 ரூபாய். இன்னிக்கும் அந்தச் சட்டத்தில் அதே 500! அன்னிக்கு அது பெரிய பணம். இன்னிக்கு நல்லா ஓடுற கடையில் ஒரு மணி நேர டீ விற்பனை. (ஜெயிலும் உண்டு, ஒரு மாசம் முதல் ஆறு மாசம் வரைக்கும்.) 1989ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் இந்தப் பாத்திர விஷயத்தை 2015 திருத்தத்தில் சேர்த்திருக்காங்க. அதில் ஆறு மாசம் முதல் அஞ்சு வருஷம்.

இதையெல்லாம் போன பொங்கல் லீவில் அப்பாகிட்ட ஒரு வரி விடாம சொன்னேன். பொறுமையா கேட்டார். "எல்லாஞ் சரி கண்ணு, கடைக்காரர் அண்ணன் தோட்டத்துலதான உங்கம்மா வேலைக்குப் போறா?"ன்னார்.

அதுக்கு எந்தப் பிரிவுன்னு இன்னும் தேடிட்டிருக்கேன்.